படலையடியில் நின்றது

கண் மங்கத் தொடங்கியபோது நான் புளியந்தீவில் தனியாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். "வயசு போனா வாறதுதான். சில குடும்பங்கள்ல வழிவழியாவும் வரும். உங்கட ஆக்களுக்கு இருந்ததா?"

தெரியாது என்றேன். என் ஆட்கள் என்று பெரியகல்லாற்றில் அக்கா ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். அம்மா பேசி முடித்த கலியாணத்தை மறுத்து ஊரை விட்டு வந்தவன் நான். சில வருடம் கழித்து ஒருமுறை போய் வீட்டு வாசலில் வேலிப் படலையடியில் பேசாமல் நின்றேன். முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னை நேரே பார்த்தாள். ஒரு சொல்லும் இல்லாமல் உள்ளே போய்விட்டாள். கோபம் தீரவில்லை என்று நினைத்துத் திரும்பினேன். பிறகு அவளது செத்தவீட்டுக்குத்தான் போனேன்.

டொக்டரின் கேள்விக்காகப் பஸ் ஏறி அக்காவிடம் போனேன். அவளும் என்னை நேரே பார்த்து, "ஆரு?" என்றாள். கண்மணிகள் இரண்டும் வெளுத்திருந்தன.

"நான்தான் அக்கா. எனக்கும் கண்ணில புரையாம்."

"அம்மாக்கும் இதுதான் தம்பி. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டவ. குரல வெச்சுத்தான் ஆளை அறிவா."

படலையடியில் நின்ற அன்று நான் குரல் கொடுக்கவில்லை என்பதைச் சொன்னேன். "கூப்பிட்டிருக்கலாமே தம்பி" என்றாள் அக்கா.

சத்திரசிகிச்சை செய்துகொள்ள அவளையும் அழைத்தேன், வரமாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு நல்லபடியாக முடிந்தது. தடித்த கண்ணாடியோடு பாலத்தில் நின்றபோது, வாவியில் போன தோணிக்காரனின் முகம்கூடத் தெரிந்தது. அதைச் சொல்ல ஒருவரும் இல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.