முதல் பங்கு நம்முடையது

ஜன்னல் என்றால் அவளுக்குப் பாதி வேலை மறந்துபோகும். திரைச்சீலைக் கடைக்காக வீடு வீடாகப் போய் அளவெடுப்பது அவள் வேலை. உயரம், அகலம், கம்பி எங்கே வரவேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும். அவளோ இந்த ஜன்னலில் காலை வெயில் எப்படி விழும், தரையில் எதுவரை நகரும், துணி காற்றில் எப்படி உப்பும் என்று நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர்கள் இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புவாள். கணவர் அவளுக்கு மேகம் என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அவர் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு கியர் போடச் சொல்லித் தந்ததால் எல்லோருக்கும் அவர் வாத்தியார். மனைவிக்குத்தான் சொல்லித்தர முடியவில்லை. முதல் நாளே கிளட்ச் விஷயத்தில் சண்டை வந்து, அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். பிறகு நாற்பத்தெட்டாவது வயதில், அவருக்குப் போட்டியான டிரைவிங் பள்ளியில் சேர்ந்து முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அந்தக் கடுப்பு அவருக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஐந்து வருஷமாக அவருடைய கண் நரம்பு தேய்ந்துகொண்டு வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கியது, இடது பக்கம் அதிகமாக. பள்ளியை இன்னொருவரிடம் விட்டுவிட்டார். ஆனால் காலையில் பால் வாங்க வண்டியை எடுப்பதை மட்டும் விடவில்லை. "ரெண்டு தெரு. போற வழி வண்டிக்கே தெரியும்" என்பார். அவள் மாடி ஜன்னலில் நின்று, வண்டி வளைவில் மறைந்து மறுபடி தோன்றும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலில் நனைந்துகொண்டு முகவர் வந்தார். எந்தப் பேச்சையும் முற்றுப்புள்ளி வைத்து முடிக்கமாட்டார் என்பதால் அவரைக் கமா என்று கூப்பிடுவார்கள்.

"இந்தத் தடவை டிடக்டிபிள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், அண்ணே. அதாவது வண்டி அடிபட்டா, செலவுல முதல் பங்கு நீங்க போடணும். அதுக்கு மேல உள்ளதை கம்பெனி தரும். உங்க பங்கைக் கூட்டினா வருஷக் கட்டணம் குறையும், குறைச்சா கட்டணம் ஏறும், அப்புறம் பார்த்தீங்கன்னா..."

"குறைச்சே வெச்சுடு" என்றார் வாத்தியார். "எல்லாத்துக்கும். ஓட்டறது யாருன்னு தெரியுமில்ல? தலை ஆகாசத்துல இருக்கும், கை ஸ்டீரிங்ல இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசியதில்லை.

கமா அவள் பக்கம் திரும்பினார். "அண்ணி, நான் எல்லாரையும் ஒண்ணுதான் கேட்பேன். நாளைக்குக் காலையில வண்டி எதுலயாவது இடிச்சுடுச்சுன்னு வைங்க. யார்கிட்டயும் கேட்காம, ராத்திரி தூக்கம் கெடாம, எவ்வளவு போடமுடியும்? அதுதான் உங்க டிடக்டிபிள். மத்தவங்க சொல்றது..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நடக்காத விபத்துகள் ஒவ்வொன்றாக, நீருக்கடியில் நடப்பதுபோல மெல்ல, சத்தமில்லாமல் வந்துபோயின. வண்டி ஒரு சுவரை நோக்கி மிதந்து போனது. ஒரு கம்பம் தானாக நகர்ந்து வந்து கதவில் சாய்ந்தது. கண்ணாடி தூளாகி வெயிலில் மின்னியது. எல்லாவற்றிலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கைகளில் அவருடைய பழைய கடிகாரம் இருந்தது. அவள் கைகள் ஒன்றில்கூட இல்லை.

கண்ணைத் திறந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி யார் யார் ஓட்டறீங்க? பேர் எழுதணும், அப்புறம்..." என்றார் கமா.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் ரெண்டு கீறல் இருக்கு" என்றார் வாத்தியார் கடைசியில். "நீ பண்ணினதில்ல."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் கீறல் விழுந்த அன்னிக்கே. ரேடியோவை அணைச்சுட்டு வந்தீங்க. நீங்க எப்பவும் பாட்டோடதான் வருவீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் வெகுநேரம் துடைத்தார். "அதனாலதான் குறைச்சு வைக்கச் சொன்னேன். உன்னைச் சாக்கா வெச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு கமாவைப் பார்த்து, "என் பேரை எடுத்துடுப்பா. ஒருத்தர்தான் ஓட்டறாங்க. நல்லா ஓட்டறாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் கமா முதல் தடவையாகப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். "சரிங்க அண்ணே."

பிறகு வேலை சட்டென்று முடிந்தது. மோதலுக்கு அவள் பங்கை நன்றாகவே கூட்டினாள். தபால் ஆபீஸில் அவள் பெயரில் இருந்த சிறு சேமிப்புக்குள் அது அடங்கும் என்று தெரியும். மரம் விழுவது, திருட்டு, வெள்ளம் இவற்றுக்குக் குறைத்தாள். "அதெல்லாம் நம்ம கையில இல்லையே" என்றாள். வருஷக் கட்டணத்தில் மிச்சமானதைப் பிரித்து மாதாமாதம் அந்தச் சேமிப்பிலேயே போட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு வீட்டில் அளவெடுத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, வானத்தில் கூட்டமாகத் திரும்பிய பறவைகளைப் பார்த்தபடி, கேட் தூணில் இடித்துவிட்டாள். பம்பர் நசுங்கியது. செலவு முதல் பங்குக்குள்ளேயே வந்ததால் கம்பெனியிடம் போகவே இல்லை. வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி, வலது."

"அப்ப என் மேல சந்தேகம் வராது" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருவரும் சிரித்தார்கள்.

பழுது பார்த்த வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு, கூட வந்த அவரையும் ஏற்றிக்கொண்டு ஏரிச் சாலை வழியாகத் திரும்பினாள். பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "இடது பக்கம் என்ன இருக்கு, சொல்லு" என்றார் அவர். ஒரு படகு, கட்டியிருக்கு. அதுல ஒரு கொக்கு. இப்ப அதுவும் போயிடுச்சு. வெள்ளையா ஒண்ணும் இல்லாம கொஞ்ச தூரம். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் "ம்" கொட்டியபடி, மெல்ல மெல்ல, பக்கத்து இருக்கையில் தூங்கிப்போனார். இத்தனை வருஷத்தில் அடுத்தவர் ஓட்டும்போது அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

வீட்டுத் தெரு வந்தது. நிறுத்தினால் எழுந்துவிடுவாரே என்று, திரும்பாமல் நேராகப் போனாள்.