சேற்றுக்கு ஒரு ரயர்

மாரி தொடங்குவதற்கு முன் சைக்கிளுக்கு ரயர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூட விடுதியில் சேர வேண்டும் என்று மகள் ஆவணியிலேயே சொல்லிவிட்டாள். எது என்று முடிவெடுப்பதை என்னிடமே விட்டாள். எனக்கு இரண்டுமே பயம். விடுதிக்குப் போனால் வீட்டில் நான் மட்டும். அவளின் தகப்பன் மாரடைப்பில் போன பிறகு அந்த வீட்டில் கேட்கிற சத்தமெல்லாம் அவளுடையதுதான். போகாமல் விட்டால் அந்த ரோட்டு.

எங்கள் ஊரிலிருந்து, மகளின் பள்ளிக்கூடம் இருக்கும் மாங்குளத்துக்குப் போகும் வழியில் குளக்கட்டை ஒட்டி ஒரு துண்டு ரோட்டு இருக்கிறது. கோடையில் சிமெந்துத் தரை போலக் கிடக்கும். மழை விழுந்தால் முழுக்கக் களி, ஒட்டுகிற சேறு. கிரவல் மண் ஏற்றும் டிப்பர் லொறிகள் அதை உழுதுவிட்டுப் போகும். போன மாரியில் அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். குளக்கட்டில் ஏறி நின்று அவள் போவதைப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பின்சில்லு வழுக்கியது. சைக்கிளும் அவளும் நடுரோட்டில். எதிரே வந்த டிப்பர் பிறேக் பிடித்தும் நிற்காமல் சேற்றில் இழுபட்டு வந்து, அவளின் தலைக்கு ஒரு கை தள்ளி நின்றது.

சாரதி இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மகளுக்கு முழங்கையில் உரசல் மட்டும். அடுத்த நாளே பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்குத்தான் அது இன்னும் முடியவில்லை. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ரோட்டால் ஒரு டிப்பர் போனால் அடுத்த வரி எனக்கு மறந்துபோகும். பிள்ளைகள் தாங்களே பாடி முடித்துவிடுவார்கள்.

அவளுடையது தகப்பன் வாங்கிக் கொடுத்த மவுண்டன் சைக்கிள். அதன் பழைய ரயர்களில் பல் தேய்ந்து, பழஞ்செருப்பின் அடி மாதிரி ஆகியிருந்தது. அதுவரை ஒரு ரயரைக் குனிந்து பார்த்திராத நான், அதற்குப் பிறகு கண்ணில் பட்ட ரயர்களை எல்லாம் பார்க்கத் தொடங்கினேன். வான் வண்டிகளின் ரயர்களில் பல் நெருக்கமாக இருக்கும். அந்த இடுக்குகளில் களி அப்பிக்கொண்டால் பிறகு அது பல்லே இல்லாத ரயர்தான். வயலில் இறங்கும் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு அப்படி இல்லை. பற்கள் உயரமாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும். அள்ளுகிற சேற்றை அது சுற்றுகிற வேகத்திலேயே உதறிவிடும்.

இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. இரவுச் சாப்பாட்டில் மகளிடமே சொன்னேன். அவள் சிரித்தாள். அதைத்தானே ஒரு மாதமாகத் தான் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், போனில் வீடியோ காட்டியபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையாட்டியதாகவும் சொன்னாள்.

மாங்குளத்தில் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்கார நானா, சண்டைக் காலத்தில் மற்ற முஸ்லிம் சனத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். அவருடைய பேத்தி என்னிடம் படித்ததால் நாங்கள் இருக்கக் கதிரை எடுத்துப் போட்டார். நாங்கள் கேட்டதைக் கேட்டுவிட்டு அகலமான ரயர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நெருக்கமான சின்னப் பற்கள், பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது. எல்லாரும் அதைத்தான் கொண்டுபோகிறார்களாம். நான் பற்களுக்கு நடுவே சின்ன விரலை விட்டுப் பார்த்தேன். நகம்கூடப் போகவில்லை.

மகள் மேலே தொங்கிய இன்னொன்றைக் காட்டினாள். மெல்லியது. பற்கள் உயரம், இடையில் தாராளமாக இடைவெளி.

“இந்த மெலிஞ்சதையா?” என்றார் நானா. “அகலமெண்டாத்தானே ரீச்சர் பிடிக்கும்.”

“அகலம் சேத்துக்கு மேல மிதக்கும் நானா,” என்றாள் மகள். “மெல்லிசு வெட்டிக்கொண்டு கீழ போய் அடிமண்ணைப் பிடிக்கும். மற்றது, எங்கட சைக்கிள்ல அகலமானதைப் போட்டா சேறு விழ இடமில்லை. சில்லு இறுகிப்போம்.”

நானா என்னைப் பார்த்தார். “தாயும் மகளும் ரயர்க் கொம்பனி ஒண்டு துறக்கப் போறீங்களோ?”

தார் ரோட்டில் இது இரைச்சல் போடும், கெதியாகத் தேயும், பிறகு வந்து தன்னை ஏசக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இரண்டை இறக்கித் தந்தார். சில்லுக்கு மேல் இருந்த மட்காட்டையும் கழற்றச் சொன்னோம். அதற்குள்தான் களி போய் அடைக்கும். வெள்ளைச் சீருடையைப் பையில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள சிநேகிதி வீட்டில் மாற்றுவது என்று அவள் ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தாள். என்னிடம் கேட்காமல் செய்திருந்தாள்.

முதல் மழைக்கு, நான்தான் முதலில் சைக்கிளை ஓடிப் பார்ப்பேன் என்று நின்றேன். காற்றை நன்றாக அடித்துக்கொண்டு குளக்கட்டுக்குக் கீழே இறங்கினேன். கொஞ்சத் தூரம் போவதற்குள் பின்சில்லு விலக, காலை ஊன்றிக்கொண்டேன். மகள் வந்து வால்வை நகத்தால் அழுத்தினாள். பெருவிரல் வைத்தால் ரயர் கொஞ்சம் அமிழும் வரைக்கும் காற்றைத் திறந்துவிட்டாள். திரும்ப ஏறினேன். இப்போது சில்லு மண்ணைக் கடித்துக்கொண்டு போவது கைபிடியில் தெரிந்தது. சேறு துண்டு துண்டாக என் முதுகில் வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ரோட்டில் நான் சிரித்தது அன்றுதான்.

அப்படியென்றால் அவள் வீட்டில் நிற்கலாம். விடுதிப் பேச்சை விட்டோம்.

ஐப்பசி முழுக்க அவள் வழுக்காமல் போய் வந்தாள். ஒரே தொல்லை, வழியில் ஆட்கள் மறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மெத்தென்ற ரயரோடு ஒருவர் போனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். நெல்லு மூட்டை, விறகு, தண்ணீர்க் கான், சில காலங்களில் முழு வீட்டையுமே சைக்கிளில் ஏற்றித் தள்ளிய சனம். ரயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும். “தங்கச்சி, காத்தில்லை” என்று பம்போடு வருவார்கள். இது வேண்டுமென்றே விட்டது என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் அவள் ரியூசனுக்குள் இருந்த நேரம், சைக்கிள் நின்ற தேத்தண்ணிக் கடைக்காரர் இரண்டு சில்லுக்கும் இறுக்கமாகக் காற்றடித்து வைத்துவிட்டார். சொல்லக்கூட இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு உதவி என்று நினைத்திருப்பார். தூறலில் அவளும் கவனிக்காமல் ஏறி வந்துவிட்டாள்.

நான் குளக்கட்டில் நின்றேன். களித் துண்டுக்குள் வந்ததும் பின்சில்லு போன வருடம் போலவே விலகியது. அவள் விழவில்லை. காலை ஊன்றி, சைக்கிளை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் வாகனம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கத்திக்கொண்டு ஓடி, கட்டின் சரிவில் சறுக்கி விழுந்தபடி இருந்துவிட்டேன். எழும்ப முயன்றேன். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கினாள். என் பற்கள் ஒன்றோடொன்று அடிபட்டன.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டது அவள்தான். குசினி வாசலில் நின்று சொன்னாள்:

“நான் விடுதிக்குப் போறன் அம்மா.”

ரயர் நல்ல ரயர்தானே, காற்றுத்தானே பிழை, கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

“ரயருக்கு ஒண்டும் இல்லை. என்னால ஓட ஏலும். நீங்கள் கட்டில நிண்டு நடுங்கிறதை நினைச்சுக்கொண்டு ஓட ஏலாது.”

அடுத்த திங்கட்கிழமை தலையணையையும் புத்தகங்களையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். சைக்கிளை எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அதில் போகிறேன். இடியப்பமும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு, பழைய சட்டையோடு. குளக்கட்டின் கீழே வரும்போது என்னை அறியாமல் மேலே பார்க்கிறேன். அங்கே மாடு நிற்கும், சில நாட்களில் அதுவும் இல்லை. போன ஞாயிறு டிப்பர் ஒன்று எதிரே வந்தது. இறங்கி ஓரத்தில் நின்று, அது போய் முடிந்து சத்தமும் அடங்கிய பிறகு ஏறினேன்.

அன்று விடுதி வாசலில் மகள் சாப்பாட்டுப் பையை வாங்குவதற்கு முதல் குனிந்து ரயரைப் பெருவிரலால் அழுத்தினாள்.

“ஆர் இப்பிடி அடிச்சது?”

நான்தான் என்றேன். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது மெத்தென்று கிடந்ததைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அவள் இரண்டு வால்வுகளையும் அழுத்தி, அளவாகக் காற்றைத் திறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் வரைக்கும் போன் வைத்திருக்க விடுவார்களாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மிஸ்ட் கோல் கொடுக்கச் சொன்னாள்.

வீடு வந்து, கால் கழுவ முதல், போனை எடுத்து அடித்தேன். ஒரு தரம் மணி கேட்பதற்குள் எடுத்துவிட்டாள்.

மிஸ்ட் கோலை ஏன் பிள்ளை எடுத்தனீ, காசெல்லோ போகும் என்றேன்.

“டிப்பர் ஒண்டும் வரேல்லையே அம்மா?” என்றாள். ஓடி வந்தவள் போல அவளுக்கு மூச்சு வாங்கியது.