அறிக்கைகள் வாசித்த பன்னிரண்டு நாட்கள்

வகுப்பறையின் பின்சுவரில், கூரையை ஒட்டி ஒரு கேமரா வைத்திருந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் அதன் வழியாகத்தான். சர்வதேச அரசியல் தொடர்பியல் முதுகலைப் படிப்பில் என்னுடன் படித்த பதினெட்டுப் பேரின் பின்னந்தலைகளை எனக்கு நன்றாகத் தெரியும். முகங்கள் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இரண்டு முறை விசா கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவர்கள் எல்லோரும் அந்தக் குளிர்நாட்டில் ஓர் அறைக்குள் இருக்க, நான் மட்டும் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், தகரக் கூரையின் கீழே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வகுப்பு நமக்கு மதியம் மூன்று மணிக்கு.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் கேமராவை அணைக்காமல் போய்விட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்தபடியே இருந்தேன். ஒருவர் வந்து குப்பைக்கூடையைக் கொட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் ஒரு மப்ளர் கிடந்தது. கால் மணி நேரம் கழித்து அதை எடுக்க ஒருத்தி ஓடிவந்தாள். மைக்கை ஆன் செய்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கை போனது. காலி அறையில் திடீரென்று குரல் கேட்டால் பயந்துவிடுவாள் என்று தோன்ற, லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஊரில் என் படிப்பை யாருக்கும் விளக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சித்தப்பா, "டிவியில நியூஸ் வாசிக்கிற படிப்பாம்மா?" என்பார். அப்பா, "வெளிநாட்டு அரசியல் படிக்குதுங்க" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். அம்மாவும் அப்பாவும் காலையில் தக்காளிக் காட்டுக்குப் போய்விட்டால் மதியம் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசாமலேயே இருந்த நாட்கள் உண்டு. ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்திடமும், தன் மக்களிடமும் எப்படிப் பேசுகிறது என்பதுதான் என் படிப்பு.

இரண்டாம் பருவத்தில் வளைகுடா பக்கம் சண்டை மூண்டது. விமான நிலையங்களை மூடினார்கள். மறுநாள் காலை, அடுத்த தெருவில் இருக்கும் அக்கா ஒருத்தர் கையில் போனோடு எங்கள் படியேறி வந்தார். அதுவரைக்கும் அவரிடம் நான் சிரித்ததோடு சரி. அவர் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில் டிரைவர். வீட்டில் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் மகளும்.

"பாப்பா, நீ வெளிநாட்டு சமாச்சாரம்தானே படிக்கிற? இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்காங்க. படிச்சுச் சொல்லு."

தூதரகத்தின் அறிக்கை. நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம், நம் நாட்டவர் அனைவரும் பத்திரமாக உள்ளனர், அவசியமின்றி வெளியே செல்ல வேண்டாம் என்று இருந்தது. தமிழில் சொன்னேன்.

"அவசியமில்லாம யாரு வெளிய போவாங்க? அவருக்கு வண்டி ஓட்றதுதானே வேல?"

அந்த வாரம்தான் நெருக்கடிக் கால அறிக்கைகளைப் பற்றி நாற்பது பக்கம் படித்து முடித்திருந்தேன். அவர் கேட்டதற்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணி வாக்கில் வந்துவிடுவார். நான் அறிக்கையை வாசிப்பேன், புதிதாக எதுவும் வராத நாளில் பழையதையே. இந்த வார்த்தையை ஏன் போட்டிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அவர் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பார். ஐந்தாம் நாள் நான் முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு பாப்பா. முந்தாநாளு வரைக்கும் எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு இருந்துச்சு. இன்னிக்கு 'எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்'னு சேத்திருக்காங்க. யாருக்கோ என்னமோ ஆயிருக்கு."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு பேருக்குக் காயம் என்று மறுநாள் செய்தி வந்தது. அவர்களில் அவர் வீட்டுக்காரர் இல்லை. ஆனால் அவருடைய போன் கிடைக்காத அந்த ஒரு நாள் முழுக்க அக்கா எங்கள் மாடியை விட்டு இறங்கவில்லை. அழவும் இல்லை. தண்ணீர் கொடுத்தபோது டம்ளர் கையில் நிற்காமல் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பத்தரை மணிக்கே தலை வாரிக்கொண்டு, பாயை உதறிப் போட்டுவைத்து, படிச்சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பேன். நான் படித்ததை உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்திருந்தார். அவர் பயந்தபடி வந்தார். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு தப்புச் செய்தேன். ஆய்வேட்டில் அவர் பேச்சைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். உங்கள் பெயர் எங்கேயும் வராது என்று விளக்கினேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் தெனமும் உக்கார வெச்சுக் கேட்டியா?"

"இல்லங்கக்கா. அப்படி இல்லைங்க."

"சரி, வெச்சுக்கிறேன்" என்று படிவத்தை மடித்துப் போன் உறைக்குள் செருகிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, தகரம் சூடேறி டிக் டிக்கென்று சத்தமிட்டது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், விமானங்கள் மறுபடி பறக்கும் என்று அறிக்கை வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அக்கா வாசலில் நின்று போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் பேசுவது அதுதான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. என்னைக் கண்டதும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நேத்தே டிக்கெட் ஆயிடுச்சு பாப்பா. அவரு கூட வேல செய்யறவங்க சொல்லிட்டாங்க" என்றார். மறுபடி போனைக் காதில் வைத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்காரர் பெங்களூரு வந்து இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் சேர்ந்தார். நான்கைந்து நாள் கழித்து அக்கா படியேறி வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எழுதிக்கோ. ஆனா நான் பயந்தேன்னு மட்டும் எழுதாத. எங்க வூட்ல யாருக்கும் அது தெரியாது. எங்க மாமியார்கிட்ட அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டே இருந்தேன்."

அப்படியே எழுதினேன். அறிக்கைகளில் அவர் கண்டுபிடித்த ஒவ்வொரு மாற்றமும் ஆய்வேட்டில் இருந்தது. ஆடிய டம்ளர் இல்லை. நல்ல மதிப்பெண்தான் வந்தது. கூடவே பேராசிரியர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: இந்தப் பெண் இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கிறார், ஆனால் என்ன உணர்ந்தார் என்பதே தெரியவில்லை. பதில் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன்.

அவர் வீட்டுக்காரர் மறுபடி வெளிநாடு போகவில்லை. ஓசூரில் வேலை கிடைத்துக் குடும்பமே அங்கே போய்விட்டது. அதன் பிறகு எங்கள் படியில் பகலில் யாரும் ஏறுவதில்லை. நான் இப்போதும் அதே அறையிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன்.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். வெகுநேரம் சிரித்தார்.

"இப்ப எழுதிக்கோ. மாமியார்கிட்ட நானே சொல்லிட்டேன். அவங்களும் பயந்துட்டுத்தான் இருந்தாங்களாம், எனக்காகக் காட்டிக்கலையாம்." பிறகு, "நீ பாயை விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பியே, அதையும் எழுது. எனக்குத் தெரியும் பாப்பா. அதனாலதான் அறிக்கை வராத அன்னிக்குங்கூட வந்தேன்" என்றார்.

மகளின் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று அவர் போனை வைத்தார்.