நிமிர்ந்துபோன வாய்க்குழல்

இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சிவஞானம் பங்களாச் சமையற்காரன். எல்லோருக்கும் அவன் அப்பு. நல்ல குணம் என்று சொல்லமாட்டேன். உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் சட்டியோடு எழுந்து போய்விடுவான். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அதற்காகத்தான் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

அவன் பெண்சாதி கருப்பம்மாவுக்கு இழுப்பு நோய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தபோது மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவள். இவன் பங்களாவுக்கு வந்தபின் குசினிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அடுப்புச் சுவர்தான் அந்த அறைக்கும் சுவர். அந்தச் சூட்டில்தான் அவள் படுத்து உறங்கினாள். வேலை போனால் அறையும் போகும்.

தோட்டத்துத் துரைக்குப் பழைய சுங்கான், அதுதான் புகையிலை அடைத்துப் பிடிக்கும் பைப், சேர்க்கிற பைத்தியம். ஹால் சுவரில் வரிசையாகத் தொங்கும். புதிதாக ஒன்று கைக்கு வந்தால் முதலில் வாயில் வைக்கும் குழலைத்தான் பார்ப்பார். செய்தவன் போட்ட குழலென்றால் சுவருக்குப் போகும். இடையில் எவனோ மாற்றிய குழலென்றால், கட்டை எத்தனை அருமையானாலும் தோட்டக்காரனுக்குப் போகும். அவர் உயிராக வைத்திருந்தது அவருடைய அப்பாவின் சுங்கான். வளைந்த குழல், கெட்டியான கறுப்பு ரப்பர்.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம் அடைமழை. துரை கொழும்புக்குப் போயிருந்தார். பங்களாவில் தொட்டதெல்லாம் பூஞ்சணம். எங்கள் பக்கத்தில் மழைக்காலமென்றால் பங்களாச் சப்பாத்து, கம்பளி எல்லாம் தேயிலை ஸ்டோருக்குப் போய்க் காய்ந்து வரும். தேயிலை காயவைக்கும் மெஷின் மேல் வைத்தால் ஈரம் ஓடிவிடும். சிவஞானம் அந்தச் சுங்கானையும் கூடையில் போட்டு அனுப்பினான். திரும்ப எடுக்கப் போனபோது மெஷின்காரன் சிரித்தான்.

"என்னா அப்பு, ஒன் சுங்கானு காலம்பற பெரட்டுல பேரு கூப்பிட நிக்கிற ஆளு மாதிரி வெறைச்சு நிக்குது?"

குழல் வளைவே இல்லாமல் நேராகிக் கிடந்தது.

சிவஞானம் அதை மடியில் கட்டிக்கொண்டு பசறை வழியாகப் பதுளைக்கு நடந்தான். கடைத்தெருவில் அஸீஸ் நானா எருமைக் கொம்பில் சீப்பும் கைத்தடிப் பிடியும் செய்பவர். உடைந்த சுங்கான்களுக்குக் குழலும் கடைந்து கொடுப்பார்.

"கொம்புல ஒண்டு செஞ்சி தாறன் அப்பு. தொரைக்கு விளங்கவே விளங்காது."

"அவரு மொதல்ல பாக்கிறதே அதத்தான் நானா."

"விளங்கினா அப்ப பாப்போம்."

"அப்ப நான் லயத்துல கெடப்பேன், நீங்க இங்க சீப்பு சீவிக்கிட்டு இருப்பீங்க. எனக்கு இதே குழலு வளையணும்."

அஸீஸ் சிரித்துவிட்டு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது அச்சுல நேராத்தான் வந்திருக்கும். பொறகு சூடு காட்டி வளைச்சிருப்பாங்க. திரும்பச் சூடு பட்டதும் பழையபடி நிமிந்துட்டு. சுடுமணல்ல வச்சிப் பாருங்க, வளையும். நெருப்புல காட்டிறாதீங்க, கருகிரும். உள்ளுக்கு ஒரு ஈர்க்கு போடுங்க, ஓட்ட நசுங்காம இருக்க."

பங்களாவுக்கு வந்ததும் ஆற்றுமணலை வறுத்தான். எவ்வளவு வளைப்பது? ஹால் சுவர் பூஞ்சணத்தில் கறுத்திருந்தாலும், சுங்கான் தொங்கிய இடம் மட்டும் அதன் உருவத்திலேயே வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்து வளைத்தான். கோணலாக வந்தது. மறுபடி மணலில் வைத்தான், நிமிர்ந்துகொண்டது. மறுபடி வளைத்தான். விரலெல்லாம் கொப்புளம்.

"கொம்புக் குழலே போட்டிருக்கலாம்ல?" என்றாள் கருப்பம்மா.

"நீ பேசாம மூச்ச விடு."

கடைசியில் சுவரிலிருந்த வெள்ளையோடு குழல் பொருந்தியது. பச்சைத் தண்ணீரில் முக்கினான். வளைவு நின்றது.

துரை வந்தார். சுங்கானை வாயில் வைத்தார். உடனே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"அப்பு! என் பல்லு எங்கே?"

வருஷக்கணக்காகத் துரை கடித்துக் கடித்து விழுந்த பள்ளம் குழலில் இல்லை. மணல் வேலையில் சிவஞானம் அதைக் கவனிக்கவேயில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். துரை நம்பவில்லை.

"பொய். நீ பதுளையிலே மாத்தினே. நாளைக்குக் குசினிக்கு வரவேணாம்."

சிவஞானம் காலில் விழவில்லை. "பல்லுப்பட்ட இன்னொரு சுங்கான் குடுங்க தொரை. ஒங்க கண்ணு முன்னாலயே சூடு காட்டுறேன். பள்ளம் மேல வந்து மறையலேன்னா நானே மூட்டையக் கட்டுறேன்."

வரும் என்று அவனுக்கும் தெரியாது. ஒன்றில் மறைந்தது மற்றதிலும் மறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. துரை தினமும் பிடிக்கும் மட்டரகச் சுங்கானை நீட்டினார். மணல்சட்டி ஹாலுக்கு வந்தது. குழலைப் புதைத்துவிட்டு இரண்டுபேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்தபோது பள்ளம் பாதி மேலே வந்திருந்தது. சிவஞானம் கேட்காமலே திரும்பவும் புதைத்தான். அடுத்தமுறை மழமழவென்று இருந்தது.

துரை கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் சுங்கானை வாயில் வைத்து, புதிதாகத் தடம் விழட்டும் என்பதுபோல் நறுக்கென்று கடித்தார்.

"டீ கொண்டா" என்றார்.

டீயைக் கொடுத்துவிட்டுச் சிவஞானம் பின்னறைக்குப் போனான். ஹாலில் துரை போட்ட சத்தம் கேட்டுக் கருப்பம்மா சட்டிபானைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

"அவுத்து வையி. ராவுக்குச் சமைக்கணும்."

அந்தச் சுவரோரம் அவள் இன்னும் பல மழைக்காலம் உறங்கினாள். சிவஞானம் அதற்குப்பின் ஸ்டோருக்கு ஒரு சப்பாத்தைக்கூட அனுப்பவில்லை.