சில்லில் எழுதிய பெயர்

எங்கள் ஓட்டு ஆலையின் கூட்ட அறையில் நேற்று அத்தானின் படத்தை மாட்டினார்கள். கீழே 'நம் ஆலையின் ஜனநாயகத் தந்தை' என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனை வெளியே அனுப்பிவிட்டு, படத்துக்கு மட்டும் நல்ல ஆணியாகத் தேடிப்பிடித்து அடிக்கிறார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். அவருக்குச் சூளையில் வேலை, எனக்கும் அக்காவுக்கும் சுடாத பச்சை ஓடு காயவைக்கிற கொட்டகையில் வேலை. ஆலையில் அவருக்குப் பட்டப்பேர் 'சட்டம்'. "சட்டம் வருது, நேரா நில்லு" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. முதலாளி காலத்தில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்ப மேஸ்திரியின் சுண்டுவிரல் அசைந்தால் போதும். அத்தானின் அண்ணன் அப்படித்தான் போனார். என்ன தப்பு என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. குடியே அறியாத மனுஷன், அதையே நினைத்து நினைத்துக் குடித்துச் செத்தார்.

பிறகு முதலாளி நஷ்டம் என்று கைகழுவிவிட்டுப் போக, தொழிலாளிகள் நாங்களே ஆலையை எடுத்து நடத்தினோம். முதல் கூட்டத்தில் அத்தான் எழுந்து ஒரே ஒரு விதி கேட்டார். யாரை அனுப்புவதானாலும் என்ன தப்பென்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் பதிலையும் கேட்க வேண்டும். எல்லாரும் கை தூக்கினோம். அவரையே தலைவராகவும் ஆக்கினோம்.

நூலகத்திலிருந்து சரித்திரப் புத்தகங்களாக எடுத்து வந்து படிப்பார். படித்தது வயிற்றில் தங்காது. சாப்பாட்டு வேளையில் எங்களிடம் கொட்டியாக வேண்டும். 'சட்டத்துக்கு நீயும் கட்டுப்பட்டவன்தான்' என்று ஒரு ராஜாவைப் பிரபுக்கள் மடக்கி முத்திரை வாங்கிய கதையைச் சொல்லும்போது, என்னவோ தானே பக்கத்தில் நின்று அரக்கு உருக்கிக் கொடுத்ததுபோல் முகம் மலர்ந்துவிடும்.

ஒரு நாள் பழைய கிரேக்க நகரத்துக் கதை. ஜனங்கள் கூடி, யார் இருப்பது ஊருக்கு ஆபத்து என்று நினைக்கிறார்களோ அவர் பெயரைப் பானைச் சில்லில் கீறிப் போடுவார்களாம். அதிகம் பேர் கீறிய ஆள் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். "ஆனா அதுல ஒரு பெரிய குறை இருக்கு" என்று அவர் ஆரம்பித்தபோது சங்கு ஊதிவிட்டது. நாங்கள் தட்டைக் கழுவப் போய்விட்டோம். குறை என்னவென்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தகரக் கூரை வந்து ஓடு விற்காமல் தேங்கிக் கிடந்த வருஷம், ராத்திரிக் காவலுக்கு இருந்த சூளைக்காரர் கண்ணயர்ந்து ஒரு சூளை நிறைய இருந்த ஓடுகளை எல்லாம் கருக்கிவிட்டார். இப்போதே அனுப்பு என்று எல்லாரும் குதித்தார்கள். அத்தான் விடவில்லை. விசாரணை நடந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் அந்த ஆள் பல நாள் தூங்கவே இல்லை என்று தெரிந்தது. மன்னித்துவிட்டோம், ஆனால் வாய்தான் மன்னித்தது. "சட்டம் பேசியே நம்ம வயித்துல அடிக்கிறாரு" என்று மூலைக்கு மூலை முணுமுணுப்பு.

அடுத்த கூட்டத்தில், களிமண்ணை அச்சில் அழுத்தி ஓடாக்குகிற அச்சுக்காரர் எழுந்தார். "அண்ணே, நீங்க சொன்ன அந்தச் சில்லு முறையையே நாமளும் வச்சுக்கலாமே. விசாரணை, இழுவை ஒண்ணும் இருக்காது. பேர் விழுந்தவங்க ஒரு வருஷம் வெளிய இருக்கட்டும்."

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அங்க குத்தம் என்னன்னு யாரும் சொல்ல வேண்டாம், பதிலும் கேக்க வேண்டாம். அதுதான் நான் சொல்ல வந்த குறை. எத்தனை கை தூக்கினாலும் ஒருத்தரைக் கேக்காம அனுப்பக் கூடாதுப்பா."

கை தூக்கச் சொன்னார்கள். அத்தானே எண்ணினார். தான் தோற்றதைத் தானே சத்தமாகச் சொன்னார்.

எங்கள் முற்றத்தில் உடைந்த ஓட்டுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு சில்லை எடுத்துக் கரியால் எழுதிக் கூடையில் போட்டார்கள். நான் எதுவும் எழுதாமல் வெறும் சில்லைப் போட்டேன். கூடையைக் கொட்டினால், திரும்பத் திரும்ப அத்தான் பெயர்.

"என்ன தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"இனிமே சொல்ல வேண்டியதில்லண்ணே" என்றார் அச்சுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. அத்தான் ஆலைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். "போனாப் போகுது விடும்மா, ஒரு வருஷந்தானே."

"நானும் உங்க பேரத்தாங்க எழுதினேன்" என்றாள் அக்கா. "சூளைப் புகையில இருமி இருமிச் சாகறீங்க. வீட்ல இருந்தாலாவது உடம்பு தேறும்னு நினைச்சேன்."

அத்தான் அவளையே பார்த்தார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

"அதைச் சொல்றதுக்குத்தான் கேக்கணும்."

அவருக்கு உடம்பு தேறவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போவார், திரும்பி வந்து கழற்றிவிடுவார். வருஷம் முடியுமுன் படுத்த படுக்கையாகிவிட்டார்.

சில்லு போட்ட அன்றிலிருந்து அக்கா அவரைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை. ஜன்னலைச் சாத்தட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்று எல்லாவற்றுக்கும் கேட்பாள். கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அப்போதும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி குடுக்கட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமென்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.