தூள் விழாத இடம்

இது நடந்தது. சொன்னால், "வெயில்ல மயக்கம் வந்திருக்கும்" என்கிறார்கள். மயங்கினவள் நிமிடத்துக்கு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். நான் பார்த்தேன்.

வீடு மாறிய அன்று என் கணவர் மூட்டையோடு தடுமாறி, என் தம்பியின் எலெக்ட்ரிக் கிடார் மேல் விழுந்தார். அதன் உடல் இரண்டாகப் பிளந்துவிட்டது. மன்னிப்புக் கேட்காமல் கிண்டல் வேறு. தம்பி எங்கள் வாசலை மிதித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கடைசியில் இவரே இறங்கி வந்தார். நல்ல பலகை ஒன்று வாங்கி, புது உடல் செய்து கொடுப்பதாகக் கிளம்பினார். பூட்டிக் கிடந்த ஒரு தச்சுப் பட்டறையைக் கருவிகளோடு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். மாலை ஆறு மணிக்குத் தம்பியை அங்கே வரச் சொன்னேன். "பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

மதியத்துக்குள் வடிவம் வெட்டி, ஓரங்களை உருட்டி முடித்தார். மிச்சம், கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழி. அதைப் பட்டறை அலமாரியில் இருந்த ரூட்டரால், மரம் குடையும் மின்கருவியால், குடைய வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக இறக்கினால் மரம் பெயர்ந்துவிடும். ஐந்தைந்து மில்லிமீட்டராக நான்கு சுற்று. மொத்தம் இருபது. வேறு பலகை கிடையாது.

2.10. முதல் சுற்று. கர்ர்ர்ர்...

நின்றதும் மரத்தூள் மாவு போல இறங்கியது. மேசை, தரை, அவர் புருவம், எல்லாம் வெள்ளை. மேசைக்கு எதிர்ப்பக்கம் தரையில் இரண்டு இடத்தில் மட்டும் தூள் விழவில்லை.

இரண்டு பாதங்களின் அளவில். விரல்கள் உட்பட.

நாங்கள் இருவரும் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தோம்.

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்துக்குக் கால் விரல் இருக்கா?"

சிரித்தார். நான் கூட்டித் தள்ளினேன்.

2.25. இரண்டாம் சுற்று. இப்போது அந்த வெற்றிடம் மேசை மூலைக்கு வந்திருந்தது. அவருக்கு இரண்டடி தள்ளி.

"வாங்க, போயிடலாம்."

"ரெண்டு சுத்துதான் பாக்கி. ஏழு மாசமா தலையணையை நனைச்சது யாரு, நானா?"

"நாளைக்குச் செய்யலாம்."

"நாளைக்குப் பட்டறை இல்ல."

2.40. மூன்றாம் சுற்று. நான் மரத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

தூள் இறங்கியது... அவர் ஷூவுக்கு வெளியே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவர் முதுகை ஒட்டி யாரோ காலை அகட்டி நிற்பது போல.

அவர் கைகளைப் பார்த்தேன். சட்டைக் கை முழுக்க வெள்ளை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை தூளே இல்லை.

மேலே வேறு கைகள் மூடியிருந்தால்தான் அப்படி இருக்கும்.

"அணைங்க."

"அணைச்சுட்டேன்... நிக்க மாட்டேங்குது. கையை எடுக்க முடியல."

பிளக்கைப் பிடுங்கினேன். 2.46.

ரூட்டர் ஓடியது.

வயர் என் கையில்.

ஓடியது...

குழியின் நாலு மூலையையும் நிதானமாகச் சுற்றிவிட்டு, 2.51-க்குத் தானாக நின்றது. அவர் கைகள் விடுபட்டன. அளந்தார். மூன்றாம் சுற்றுக்கு நாங்கள் வைத்த ஆழம் பதினைந்து. குழியின் ஆழம் இருபது.

ஆறு மணிக்குத் தம்பி வந்தான். நாங்கள் வாசலிலேயே நின்றிருந்தோம். அவன் குழிக்குள் விரல் விட்டுத் தடவினான். பையிலிருந்து பழைய பிக்கப்பை எடுத்து வைத்தான். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"மாமா, நீங்களா செஞ்சீங்க? ஆணி அடிச்சாலே கோணலாத்தான அடிப்பீங்க."

"நான் மட்டும் செய்யல," என்றார்.

என்னைச் சொல்கிறார் என்று நினைத்து, தம்பி என் தோளில் சாய்ந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு.

அவனை அனுப்பிவிட்டுச் சாவி கொடுத்தபோது பட்டறைக்காரர் கேட்டார்.

"குழியெல்லாம் எதுல போட்டீங்க?"

"அலமாரியில இருந்த ரூட்டர்லதான்."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதுல மோட்டாரே கிடையாதே. எரிஞ்சு போச்சுன்னு போன வருஷம் நானே கழட்டிட்டேன்."

ஸ்க்ரூவைத் திருகித் திறந்து காட்டினார். உள்ளே காலி.

வெறும் கூடு. இன்னும் சூடாக இருந்தது.