மோட்டார் அறையில் ஒரு கையெழுத்து

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியைவிடத் தன் மேல்தான் கோபம் அதிகம். பதினோரு வருஷம் உழைத்த இடத்தை விட்டு, நாலு தெரு தள்ளியிருந்த சின்னக் கம்பெனியில் சேரப் போனார். உடனே பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேலையை விட்டபின் இரண்டு வருஷம் இந்த ஊரில் எந்த லிஃப்டையும் தொடமாட்டேன் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். எப்போது? வேலைக்குச் சேர்ந்து புது பூட்ஸ் கொடுத்த அன்று நீட்டிய காகிதக் கட்டில். அதையெல்லாம் யார் படித்தார்கள்? பூட்ஸ் காலைக் கடிக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார்.

வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது கோர்ட்டுல நிக்காது. தெரிஞ்ச தொழிலைச் செய்யாதேன்னா மனுஷன் எப்படிப் பொழைக்கிறது? ஆனா தீர்ப்பு வர ரெண்டு வருஷம் இழுக்கும்."

"தடையே ரெண்டு வருஷம்தானே சார்?"

வக்கீலின் சிரிப்பு நின்றது. "அதனாலதான் கோர்ட்டு வேணாங்கறேன். நான் ஒரு பதில் போடறேன், ஒரு மாசத்துல அவங்களே விட்டுடுவாங்க. அதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீங்க."

புது முதலாளியும் அந்த ஒரு மாதம் காத்திருப்பதாகச் சொன்னார். சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? மெக்கானிக் வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் அதற்கே மறுபடி விட்டார்.

இருபத்தாறாம் நாள், அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவருடைய மாமியார், ஆஸ்துமாக்காரர். பழைய கம்பெனியின் லிஃப்ட்தான். போன் செய்தால், ஆள் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஆகாதா பின்னே? வரவேண்டிய ஆள்தான் இங்கே பனியனோடு நிற்கிறாரே.

"என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்கறீங்க?" என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஓடினார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மூன்றாம் மாடிக்கு இறக்கினார். பத்தே நிமிடத்தில் மாமியார் வெளியே வந்து மூச்சு விட்டார்.

அதற்கு நாலாம் நாள் பழைய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூடவே ஒரு படம்: மோட்டார் அறைச் சுவரில் தொங்கும் சர்வீஸ் அட்டை. கடைசி வரியில் தேதி, பழுது, அவருடைய கையெழுத்து. புது முதலாளிக்கும் ஒரு நகல் போயிருந்தது. "எனக்கு இந்த வம்பு வேணாம்பா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மனைவி படத்தையே வெறித்துப் பார்த்தாள். "யாருங்க உங்களைக் கேட்டாங்க? எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"வேலை முடிஞ்சா போடணும்ல" என்றார்.